போணி ஆகும்வரை லோரிக்குப் பின்னால்

ஈப்போவில் ஞாயிறு காலை கூடும் உழவர் சந்தைக்கு, நம்மவர் வாயில் பாசார் தானிக்கு, வெயில் ஏறுமுன் போகிறவர்கள் சதாசிவத்தைப் பார்த்திருப்பார்கள். ஒரு பழைய நீல லோரிக்குப் பின்னால், டயரோடு டயராகக் குந்திக்கொண்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருப்பார். கடன்காரனுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் ஆள் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. லோரி அவருடையது. லோரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் காய்கறிக் கடையும் அவருடையதுதான். முதல் வியாபாரம் ஆகும்வரை அவர் முகம் கடைப்பக்கம் தெரியக் கூடாது என்பது கடையின் சட்டம். சட்டம் போட்டவர் அவர் மனைவி நவமணி.

சதாசிவம் சிம்பாங் பூலாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்ந்து, பாதியில் வீடமைப்பும் மீதியில் புதரும் வந்தபோது சதாசிவம் கல்லுடைக்கும் ஆலையில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு மலையை உடைத்து உடைத்து லூமுட் துறைமுகம் வரை கொண்டுபோய்க் கொட்டியதில் மலை அப்படியே இருந்தது, இவர் இடுப்புத்தான் போய்விட்டது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். சும்மா கையை வீசிக்கொண்டு நடப்பது சதாசிவத்துக்குப் பைத்தியக்கார வேலையாகப் பட்டது. அதனால் தோளில் ஒரு சங்கோலைப் போட்டுக்கொண்டு நடந்தார். சங்கோல் என்றால் அங்கே மண்வெட்டி. மண்வெட்டி கையில் இருந்தால் கை சும்மா இருக்குமா? வீட்டுக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடந்த நிலத்தைக் கொத்தினார். கொத்தியதற்காக வெண்டை போட்டார்.

வெண்டை காய்த்தது. சும்மா காய்க்கவில்லை, வெறி பிடித்துக் காய்த்தது. தினமும் வெண்டைக்காய்ச் சாம்பார், வெண்டைக்காய்ப் பச்சடி, வெண்டைக்காய்ப் பிரட்டல். பிறகு அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார். அதற்கும் ஒரு எல்லை உண்டல்லவா? இவர் பையோடு வருவதைப் பார்த்தாலே தெருவில் கதவுகள் சாத்தத் தொடங்கின. ஒருநாள் எதிர்வீட்டுக் கலாதேவி விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே குனிந்திருந்ததை நவமணி கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

"ஊருக்குத் தானம் பண்ணது போதும்லா. நாளைக்குப் பாசார் தானில போட்டு வித்துப் பாப்போம்," என்றாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்தாள் அப்போது. அங்கே பேச்சு வாங்கிப் பேச்சு வாங்கி, குரலே எழாமல் போயிருந்தவள். அவள் இப்படி ஒரு முடிவைச் சொன்னதே பெரிய விஷயம் என்று சதாசிவம் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையை அவர் மறக்க மாட்டார். ஒரு மடக்கு மேசை, அதன்மேல் வெண்டைக்காய், கொஞ்சம் பயற்றங்காய், நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேராக வளர்த்த ஆளுயரப் புடலங்காய்கள். இந்தப் பக்கம் மீன்காரர் கடையில் கூட்டம். அந்தப் பக்கம் பொமெலோ பழக் கடையில் கூட்டம். நடுவில் இவர்கள் ஈயோட்டினார்கள். நவமணிக்கு வாயைத் திறந்து கூப்பிட வரவில்லை. யாராவது பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டாள். வெயில் ஏறிப் பக்கத்துக் கடைகள் பாதி காலியானபோது அவள் வெண்டைக்காய்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினாள். கீழுதடு துடித்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அந்த உதடு அடுத்து என்ன செய்யும் என்று தெரியாதா?

சதாசிவம் மெல்ல நழுவினார். சோயாப் பால் விற்கும் வண்டியருகே ஒரு சீனக் கிழவர் சைக்கிளோடு நின்றிருந்தார். அவர் கையில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட் தாளை அமுக்கி, "அங்கிள், அந்தக் கடைல ஏதாவது ஒண்ணு வாங்குங்க. என் வைஃப் அழுவப் போறா. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிறாதீங்க," என்று மலாயில் கெஞ்சினார்.

கிழவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நல்ல தோட்டத்துத் தமிழில், "அழுவ வேணாம் தம்பி, நான் வாங்குறேன்," என்றார்.

அவர் பெயர் ஆ லெக். அவர் அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்ததில் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சைக்கிள் கடை நடத்தி ஓய்ந்து, மனைவியை இழந்து, ஈப்போவில் தனியாக இருந்தார். கடைக்குப் போய் அந்த வெள்ளியைக் கொடுத்து, எது பெரிதாக இருந்ததோ அதைக் காட்டினார். ஆளுயரப் புடலங்காய். அதைச் சைக்கிள் பிடியில் குறுக்காகக் கட்டிக்கொண்டு அவர் சந்தைக்குள் கிளம்பியதும், போகிற வருகிறவர்கள் எல்லாம் விலகி நின்று, அது என்ன காய், எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். ஆ லெக் பின்பக்கம் கை காட்டினார். சற்று நேரத்தில் மேசை காலி. வெண்டைக்காய் உதிர்ந்த காம்பைக்கூட ஒரு அம்மாள் விலை கேட்டார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் நவமணிக்குக் காக்கைமேல் பக்தி வந்துவிட்டது. "பாத்தீங்களா? அந்த அண்ணன் போணி பண்ணாரு, அப்படியே அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. என்னா கைராசி!" என்று வழியெல்லாம் பேசினாள். வீடு வந்து சேரும்வரை அவள் பேச்சு நிற்கவில்லை. அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்பதே சதாசிவத்துக்கு மறந்துபோயிருந்தது.

அடுத்த ஞாயிறு ஆ லெக் வரத் தாமதமானது. ஒரு வாத்தியார் பயற்றங்காய் கேட்டார். சதாசிவம் கட்டிக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டார். அவ்வளவுதான், வானம் பொத்துக்கொண்டது. மீன்காரருடைய ஐஸ் பெட்டி சரிந்து, கீரைக் கட்டெல்லாம் கெம்போங் மீன் தண்ணீரில் மிதந்தது. அன்று மிஞ்சிய கீரையைப் பூனை மட்டும்தான் முகர்ந்து பார்த்தது.

"நான் வித்ததுக்கும் மழைக்கும் என்னா சம்மந்தம் மணி? ஈப்போ முழுக்கத்தான பெஞ்சுச்சு."

"ஈப்போ முழுக்கப் பெஞ்சதுக்கும் நீங்கதான் காரணம்," என்றாள் நவமணி. "இனிமே போணி ஆவுறவரைக்கும் நீங்க கடைக்கு முன்னால வராதீங்க."

அன்று முதல் சதாசிவம் லோரிக்குப் பின்னால். ஆ லெக் மேசைக்கு முன்னால்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் நடந்ததெல்லாம் ஆ லெக்கின் கணக்கில்தான் வரவு வைக்கப்பட்டது. பக்கத்துப் புதர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பழைய ரப்பர் வேர்களைத் தோண்டித் தோண்டிச் சதாசிவத்தின் உள்ளங்கை காய்த்துப்போனது. அது ஆ லெக்கின் கைராசி. பக்கத்தில் ஆடு வளர்க்கும் சன்னாசியின் கொட்டகையில் புழுக்கை அள்ளி மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்தார். பாவக்காய் பந்தலே சரியும்படி காய்த்தது. அதுவும் ஆ லெக்கின் கைராசி. வியாழன் சாயங்காலம் சிம்பாங் பூலாயில் இன்னொரு சந்தை, சித்தியவான் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு லோரி நிறைய வாழையிலை என்று குடும்பம் மேலேறியது. மகள் தினேஸ்வரி கடைக்கு ஒரு ஃபோன் வாங்கி, தோட்டத்தைப் படம் பிடித்துப் போட்டு, நட்சத்திர ஹோட்டல் சமையல்காரர்கள் வரை பிடித்தாள். கேட்டால், எல்லாம் அந்த அண்ணன் கை தொட்ட நேரம். வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம் கால்பட்டாலும் குற்றம் என்பார்கள். இங்கே வேண்டிய புருஷனுக்கே அந்த நிலைமை.

நவமணி ஆ லெக் பெயரில் கோயிலில் அர்ச்சனை செய்யவும் ஆரம்பித்தாள். நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டார். அவள் அடுத்த ஞாயிறு அவரிடமே கேட்டாள். "எங்க சீனக் கணக்குல நான் எலி வருசம், தங்கச்சி," என்றார் ஆ லெக். குருக்கள் நெற்றியைச் சொறிந்துகொண்டார். தட்டில் தட்சணை கனமாக இருந்ததால், எலி நட்சத்திரத்தில் பிறந்த ஆ லெக்குக்கு வருஷா வருஷம் அர்ச்சனை நடந்தது. பக்கத்தில் நின்ற சதாசிவத்தின் நட்சத்திரத்தை யாரும் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிட அவருக்கு எத்தனையோ தடவை நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. மென்று முழுங்கிவிடுவார். முதலில் பயம். பிறகு அது பயமாக இல்லை. தலை குனிந்து நின்ற அந்தப் பெண்ணா இவள் என்று அவர் லோரிக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். மலாயில் விலை கூவுவாள், கேன்டனீஸில் எண்ணுவாள், தமிழில் திட்டுவாள். இந்தத் தைரியம் அவளுக்கு ஒரு வெள்ளிக்குக் கிடைத்தது. அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. அவள் குரலைக் கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது, வேறொன்றுமில்லை.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதை இருக்காது. சந்தைக்குக் கூரை வந்தது.

கூரைக்குக் கீழே கொஞ்சம் கடைகளுக்குத்தான் இடம். மற்றவர்கள் பின்பக்கம், பொதுக் கழிப்பறைக்கு எதிரே போக வேண்டும். கூரையடியில் ஒரே ஓர் இடம் பாக்கி இருந்தது. காய்கறிக் கடைகளில் யாருக்கு வாடிக்கை நன்றாக இருக்கிறது என்று ஒரு ஞாயிறு காலை நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார் சந்தையைக் கவனிக்கும் அதிகாரி அம்மாள் புவான் ரோஹானா. நவமணி அதற்கு முந்திய மாதம்தான் கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தாள். புதிதாக ஒரு ஏக்கரில் கீரையும் கத்தரியும் போட்டாயிற்று. மழையில் நனைந்த கீரையைக் கழிப்பறைக்கு எதிரே வைத்தால் யார் வாங்குவார்கள்? அந்த இடம் கிடைக்காவிட்டால் அவள் மறுபடியும் தொழிற்சாலை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அவள் அதைச் சொல்லவில்லை. சதாசிவத்துக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஞாயிறு வந்தது. மேசையில் கத்தரிக்காய் பளபளத்தது. ஆ லெக்குக்கென்று எடுத்துவைத்த புடலங்காய், கூட்டத்திலேயே நீளமானது, தனியாக ஒரு சாக்கின்மேல் படுத்திருந்தது. எல்லாம் இருந்தது. ஆ லெக் இல்லை.

முதல் வாடிக்கையாளர் வந்தார். "ஒரு செகெஜாப் அண்ணே, ஒரே நிமிசம், போணி ஆவல," என்றாள் நவமணி. அவர் பழைய ஆள், விஷயம் தெரிந்தவர். ஒதுங்கி நின்றார். அடுத்து ஒரு மலாய் அம்மாள் வந்து அவருக்குப் பின்னால் நின்றார். பிறகு இரண்டு சீனப் பெண்கள். பிறகு வந்தவர்களுக்கு எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாது. வரிசை ஒன்றைக் கண்டால் நம் நாட்டில் யாராலும் சும்மா போக முடியாது. ஏதோ மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து நிற்பார்கள். வரிசை மீன் கடையைத் தாண்டியது.

"மா, ஆ லெக் அங்கிள் ஃபோன எடுக்கல," என்றாள் தினேஸ்வரி. "யாராச்சும் ஒருத்தருக்கு வித்துடும்மா. ப்ளீஸ்லா!"

"கொஞ்சம் பொறு. வருவாரு."

லோரிக்குப் பின்னால் சதாசிவத்துக்குத் தேத்தண்ணீர் இறங்கவில்லை. அந்த நேரத்தில் சிவப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு புவான் ரோஹானா வந்து சேர்ந்தார். வரிசையைப் பார்த்தார். காலி ஆகாத மேசையைப் பார்த்தார். ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்து, "அரைக் கிலோ கொடுங்க," என்று மலாயில் கேட்டார்.

"புவான், செகெஜாப் யா," என்றாள் நவமணி.

தினேஸ்வரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். லோரியின் வால்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "மணி! அவங்ககிட்டயே போணி பண்ணிடு!"

"நீங்க பேசாம இருங்க! அவங்க கைராசி எப்படின்னு யாருக்குத் தெரியும்? சோதிச்சுப் பாக்க இன்னைக்குத்தானா நாளு கெடச்சுச்சு?"

அவள் சொல்வதில் ஒரு நியாயம்கூட இருக்கிறது. புவான் ரோஹானா கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. நவமணியின் கைகள் மேசையில் இருந்த வெண்டைக்காய்களைக் காரணமில்லாமல் திரும்ப அடுக்கத் தொடங்கியதைச் சதாசிவம் லோரியின் இடுக்கு வழியாகப் பார்த்தார். கீழுதடு துடித்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? சதாசிவம் தேத்தண்ணீர்ப் பையை லோரிக் கண்ணாடியில் மாட்டினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் போணிக்கு முன்னால் கடைக்கு முன்னால் வந்து நின்றார். பழைய வாடிக்கையாளர் இருவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

"என்னங்க, ஏன் வந்தீங்க!"

"மணி, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. மொத நாளு ஆ லெக் அண்ணன் போணி பண்ணாரே, அது அவரு காசு இல்ல. நான்தான் குடுத்து அனுப்பிச்சேன்."

நவமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "கடையத் தொறக்கணும்னு இப்படி ஒரு பொய்யா? நீங்களா குடுத்தீங்க? கல்யாணமான நாள்லேருந்து எனக்கு ஒரு மொழம் பூ வாங்கித் தரணும்னா ரெண்டு நாளு யோசிப்பீங்க. ரோட்டுல போறவருக்கு ஒரு வெள்ளி குடுத்தாராம்!"

"சத்தியமாலா!"

"சும்மா போங்க."

பாருங்கள் வேடிக்கையை. பொய்யை ஆறு வருஷம் நம்பினாள். உண்மையை ஒரு நிமிஷம்கூட நம்ப ஆளில்லை.

அந்த நேரம் பார்த்துத் தினேஸ்வரியின் ஃபோன் அடித்தது. ஆ லெக். அவள் சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தாள். பின்னால் கடல்காற்று இரைந்தது.

"தங்கச்சி, சோரி சோரி! மக திடீர்னு பங்கோர் தீவுக்குப் போலாம்னு கூட்டிக்கிட்டு வந்துட்டா. நான் லூமுட்ல நிக்கிறேன், ஃபெர்ரி இப்பத்தான் வருது. நீ யாவாரம் பாரு."

"அது இருக்கட்டும் அண்ணே. இவரு என்னமோ சொல்றாரு. மொத நாளு நீங்க குடுத்த வெள்ளி யாரு காசு?"

ஆ லெக் மெதுவாக, "தம்பி பக்கத்துல இருக்காரா?" என்றார்.

"இருக்கேன் அண்ணே. சொல்லிடுங்க," என்றார் சதாசிவம்.

"அவரு காசுதான் தங்கச்சி. நீ அழுவப் போறன்னு சொன்னாரு. ரொம்ப பயந்துகிட்டு சொன்னாரு. அதுக்கப்புறம் வாங்குனதெல்லாம் என் காசு. ஞாயித்துக்கிழமை ஆனா என்னையும் அண்ணன்னு கூப்புட ஒரு ஆளு காத்துகிட்டு இருக்குதேன்னு வந்தேன்." காற்று மறுபடி இரைந்தது. "சொல்ல வந்துட்டேன், இன்னொண்ணும் சொல்லிடுறேன். எனக்குப் புடலங்காய் பிடிக்காது."

ஒரு வெள்ளி விஷயத்தைத் தாங்கிக்கொண்ட நவமணி இதைக் கேட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு வருசமாவா?"

"பக்கத்து வீட்டுக்குக் குடுப்பேன். இப்ப என்னைக் கண்டா கதவ சாத்திக்கிறாங்க. சரி, ஃபெர்ரி வந்துருச்சு!"

ஃபோன் அடங்கியது. ஆனால் வரிசை அடங்கவில்லை. முன்னால் நின்றவர் பின்னால் இருந்தவருக்கு மலாயில் சொல்ல, அவர் கேன்டனீஸில் சொல்ல, விஷயம் மீன் கடை வரை போய், சந்தேகமாகத் திரும்பி வந்தது. அப்படியானால் ராசி யாருக்கு? கொடுத்த கைக்கா, காசுக்குச் சொந்தக்காரருக்கா? மீன்காரர் கை என்றார். பொமெலோ கடைக்காரர் காசு என்றார். ஒரு பாட்டு வாத்தியார் இரண்டும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம் என்றார். அரைக் கிலோ கத்தரிக்காய்க்கு வந்த புவான் ரோஹானா, கை எதுவாக இருந்தாலும் காசு வந்த பையைத்தான் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பே சொன்னார்.

நவமணி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தலைக்கு மேல் போனபிறகு அடிவாங்கக் காத்திருக்கும் பிள்ளையைப்போல அவர் நின்றார்.

"கையும் காசும் கெடக்கட்டும்," என்றாள் கடைசியில். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "அன்னைக்கு நான் தலையக் குனிஞ்சுகிட்டுல்ல நின்னேன். நான் அழுவப் போறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒதடு துடிச்சுச்சு."

"அதையெல்லாமா பாத்துகிட்டு இருந்தீங்க?"

"வேற என்னத்தப் பாக்குறது?" என்றார் சதாசிவம்.

நவமணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சாக்கின்மேல் படுத்திருந்த புடலங்காயை இரண்டு கையாலும் தூக்கி அவர் முன்னால் நீட்டினாள்.

"போணி பண்ணுங்க."

சதாசிவம் சட்டைப்பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். தேத்தண்ணீர் வாங்கிய பாக்கி, கொஞ்சம் சில்லறைதான் கையில் வந்தது. பணப்பை எப்போதும் நவமணியிடம். அவர் சில்லறையை உள்ளங்கையில் பரப்பி, புடலங்காயைப் பார்த்து, பழக்கமில்லாத ஒரு குரலில் கேட்டார்.

"இதுதான் இருக்கு. வெலையக் கொஞ்சம் கொறைக்க முடியாதா?"

வரிசை வெடித்துச் சிரித்தது. புவான் ரோஹானாவின் குடை ஆடியது. போணி நேரத்தில் வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, அது அவளே போட்ட சட்டம். "போணிலயே பேரம் பேசுறீங்களே, இதுக்குத்தான் ஒங்கள பின்னாடி ஒக்கார வச்சேன்!" என்று திட்டிக்கொண்டே சில்லறையை வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, சந்தையே திரும்பும்படி விலை கூவினாள்.

வியாபாரம் எப்படி நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. அவ்வளவு நேரம் காத்துநின்ற கூட்டம் வெறுங்கையோடு போக மனசில்லாமல் வேண்டாததையும் வாங்கியது. நடுவில் மழை பெய்தது. பெய்யாமல் இருக்குமா? ஆனால் யாரும் நகரவில்லை. புவான் ரோஹானா தன் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு, கடை திறக்கும் முன்னாலேயே இவ்வளவு பேர் நிற்கும் கடையைத் தான் பார்த்ததில்லை என்றும், கூரைக்கு வெளியே விட்டால் வரிசை மற்ற கடைக்காரர்களுக்குத் தொந்தரவு என்றும் சொன்னார். அடுத்த வாரமே உள்ளே வந்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். நவமணி அவர் பையில் ஒரு கட்டுக் கீரையைச் சும்மா போடப் போனாள். அவர் காசைக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அடுத்த ஞாயிறு சதாசிவத்தை விடியுமுன் எழுப்பினார்கள். குளிக்க வைத்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு. சலவைச் சட்டை. சட்டைப்பையில் நவமணியே ஒரு புது வெள்ளித் தாளை வைத்து, "இத தேத்தண்ணிக்குக் கொடுத்துறாதீங்க," என்றாள். கூரையடியில் புதுக் கடைக்கு முன்னால், வாங்குகிறவர்கள் நிற்கும் பக்கத்தில், முதல் ஆளாக அவர் போய் நின்றார். லோரிக்குப் பின்னால் டயரில் சாய்ந்து கண்ணயர்ந்த அந்த நிம்மதியான நாட்கள் முடிந்துபோயின.

அவருக்குப் பின்னால் ஆ லெக், பங்கோரிலிருந்து வாங்கிவந்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு. ஒரு பாரம் இறங்கிய முகம். "தங்கச்சி, இன்னைக்கு நான் கத்தரிக்கா வாங்கலாமா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார்.

"வாங்குங்க அண்ணே, வாங்குங்க! மொதல்ல இவருது முடியட்டும்."

நவமணி ஆளுயரப் புடலங்காயைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். சதாசிவம் வெள்ளியை நீட்டினார். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றி டப்பாவில் போட்டாள். கை வேலையில் இருந்தது. பின்னால் வரிசை நெருக்கியது. ஆறு வருஷப் பழக்கம், வாய் தானாக வந்துவிட்டது.

"வேற என்னா வேணும் அண்ணே?"

கட்டின புருஷனை! தமிழ் தெரிந்தவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தெரியாதவர்களுக்கு ஆ லெக் விளக்கிச் சொல்லி, அவர்களையும் பிடித்துக்கொள்ள வைத்தார். தினேஸ்வரி தராசின் மேலேயே சாய்ந்துவிட்டாள். நவமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்யாணப் பந்தலில்கூட இவ்வளவு வெட்கப்பட்டு அவளைச் சதாசிவம் பார்த்ததில்லை.

அவர் இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றார். காசு கொடுத்த வாடிக்கையாளர், கேட்க உரிமை உண்டு.

"கொஞ்சம் கருவேப்பில கொசுறு போடு, தங்கச்சி," என்றார்.

நவமணி ஒரு கட்டு முழுவதையும் எடுத்து அவர் முகத்தில் விட்டெறிந்தாள். வரிசை நகரத் தொடங்கியது.